விவிலிய ஞானத் தேடல்: வலிமையும் வழுவும்

எபிரேய விவிலியத்தின் நீதிமொழிகள், யோபு, பிரசங்கி ஆகிய மூன்றையும் அறிஞர்கள் ‘ஞான இலக்கியம்’ என்று வகுப்பர். சட்டத்தையோ இறைவாக்கையோ சான்றாகக் காட்டாமல், அன்றாட வாழ்வைக் கூர்ந்து நோக்கி அதிலிருந்து வாழ்நெறியைத் திரட்டுவது இவற்றின் பொதுவான முறை. நல்லதை எங்கிருந்தும் ஏற்கும் திறந்த மனம் அம்முறையின் முதல் சிறப்பு. நீதிமொழிகள் 22ஆம் அதிகாரத்தின் இடையில் தொடங்கும் பகுதிக்கும் அமெனெமோப்பே என்னும் எகிப்தியரின் அறிவுரை நூலுக்கும் உள்ள நெருங்கிய ஒப்புமையை 1924இல் ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் எர்மான் எடுத்துக்காட்டினார். ஏழையைச் சுரண்டுவதையும் எல்லைக்கல்லை நகர்த்துவதையும் இரண்டு நூல்களுமே கண்டிக்கின்றன. மூடனுக்கு மறுமொழி சொல்லலாகாது என்னும் அறிவுரையையும் சொல்லியே ஆக வேண்டும் என்னும் அறிவுரையையும் நீதிமொழிகள் 26ஆம் அதிகாரம் அடுத்தடுத்து வைப்பது, எது எப்போது பொருந்தும் என்று தேர்வதே ஞானம் என அந்த ஆசிரியர்கள் கருதியதைக் காட்டுகிறது.

நன்மை செய்தவன் நன்மையையே அடைவான் என்ற பொது நோக்கு விதிவிலக்கற்ற சூத்திரமாக இறுகும்போதுதான் வழு பிறக்கிறது. சோம்பல் வறுமையைத் தரும் என்பது அனுபவ உண்மை. வறியவர் எவரும் சோம்பேறியே என்று அதைத் தலைகீழாக்குவது அநீதி. யோபு நூலில், துன்பத்தில் வீழ்ந்த யோபுவுக்கு அவன் நண்பன் எலிப்பாஸ் செய்வது இதுவே. பலவீனரைத் தாங்கியவன் என்று 4ஆம் அதிகாரத்தில் யோபுவைப் புகழும் அவன், துன்பத்துக்குக் காரணமான பாவம் எதுவும் கிடைக்காத நிலையில், 22ஆம் அதிகாரத்தில் குற்றங்களைத் தானே புனைகிறான்: காரணமின்றி அடகு வாங்கினாய், தவித்தவனுக்குத் தண்ணீர் தரவில்லை, விதவைகளை வெறுங்கையாய் அனுப்பினாய் என்கிறான். தன் கோட்பாட்டைக் காப்பதற்காகத் தோழனின் நற்பெயரையே பலியிடத் துணிந்த இந்த மாற்றம் ஞான மரபின் ஆகக் கொடிய வீழ்ச்சி. இறுதியில் கடவுளின் சினம் எலிப்பாசின் மீதும் மற்ற இரு நண்பர்கள் மீதும் மூள்வதாக நூல் கூறுகிறது. சூத்திரத்தைச் சொன்ன நீதிமொழிகளையும் அதை உடைத்த யோபுவையும் ஒரே திருநூலுக்குள் காத்து வைத்தது இம்மரபின் மிகப் பெரிய பலம் என்று துணிந்து கூறலாம்.

யோபு 28ஆம் அதிகாரம் ஞானத் தேடலை இன்னும் ஆழமாக அணுகுகிறது. ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் கயிற்றில் தொங்கிச் சுரங்கம் வெட்டி, மலையை அடியோடு புரட்டிப் பொன்னையும் இரும்பையும் எடுக்கும் மனிதனால் ஞானம் இருக்கும் இடத்தைக் காண முடியவில்லை. பொன்னுக்குப் பெயர்பெற்ற ஓப்பீர் நாட்டின் தங்கமும் அதற்கு ஈடாகாது. இறையச்சமே ஞானம் என்று அதிகாரம் முடிகிறது. ஆனால் நூலின் முதல் வரியிலேயே யோபு இறையச்சம் உள்ளவனாக அறிமுகமாகிவிட்டான். அது அவனைத் துன்பத்திலிருந்து காக்கவில்லை. எனவே ஞானத்தின் மதிப்பை அது ஈட்டித் தரும் பலனைக்கொண்டு அளக்க இந்நூல் இடந்தரவில்லை.

ஞானம் யாருக்கு உரியது என்ற கேள்வியில் மற்றொரு குறை தெரிகிறது. கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் ஏற்கும் சீராக்கின் ஞான நூல், ஓய்வு உள்ள மறைநூல் அறிஞரே ஞானம் பெற முடியும் என்கிறது. காலால் சக்கரத்தைச் சுழற்றும் குயவரும் உலைச் சூட்டில் வேகும் கொல்லரும் இன்றி நகரமே இயங்காது என ஒப்புக்கொண்டும், அவர்களுக்கு ஆலோசனை மன்றத்தில் இடமில்லை என்கிறது. இந்த வரம்பு, படித்த வகுப்பினர் தம் வாய்ப்பையே தகுதியாக எண்ணிக்கொண்டதன் விளைவு. முற்றுகையிடப்பட்ட ஒரு சிற்றூரைத் தன் ஞானத்தால் மீட்ட ஏழையைப் பற்றிப் பிரசங்கி சொல்லும் கதை இதற்கு முன்பே எழுதப்பட்டது. அந்த ஏழையை ஊரார் மறந்துவிட்டதையும் அவனது ஞானம் அசட்டை செய்யப்படுவதையும் பிரசங்கி பெருங்குறையாகவே பதிவுசெய்கிறார்.