ஸ்பேஸ் விட்டனீரோ?

"ஐபி. ஸ்பேஸ். ஏ, டி, டி, ஆர். ஸ்பேஸ் விட்டனீரோ?"

"விட்டனான் அண்ணை."

"இனி ஆட் எண்டு அடியும். ஏ, டி, டி. பிறகு இலக்கம். 192, டொட், 168, டொட், 8, டொட், 20. அதோட ஒட்டி ஸ்லாஷ் 24."

"ஸ்லாஷ் எந்தப் பக்கம் சரிஞ்சது அண்ணை?"

கிளிநொச்சி உருத்திரபுரத்தில் ஒரு சிறு கணினி அறையைப் பார்த்துக்கொள்பவன் நான். பழைய இயந்திரங்கள், எல்லாவற்றிலும் உபுண்டு. நான் வெளியூர் போயிருக்கும் நாளாகப் பார்த்துத்தான் அங்கே வலையமைப்பு அறுந்துபோகும். அறுந்தால், அங்கே நிற்கும் தம்பிக்கும் எனக்கும் இடையில் மிஞ்சுவது கைபேசிக் குரல் மட்டும். கணினியின் வலையமைப்பு இடைமுகத்தைக் கட்டளை வரியில் அமைப்பது நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்கு அந்தக் குரலை வைத்துத்தான் நான் தீர்ப்புச் சொல்வேன்.

கட்டளை வரியைப் புகழ்வோர் சொல்வது வேகம், சிக்கனம், வல்லமை. மூன்றும் உண்மைதான், ஆனாலும் என் கணக்கில் அவை பின்வரிசையில் நிற்கின்றன. அதைப் பிறருக்கு வாயால் சொல்ல முடியும் என்பதே அதன் முதல் சிறப்பு. சன்னல்களும் பொத்தான்களும் உள்ள திரையை ஃபோனில் விளங்கப்படுத்திப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். "மேல வலப்பக்கம் பல்லுச்சக்கரம் மாதிரி ஒண்டு இருக்கோ?" "இல்லை அண்ணை, மூண்டு கோடுதான் இருக்கு." இரண்டு பதிப்பு மாறினால் பொத்தானும் இடம் மாறிவிடுகிறது. கட்டளை அப்படியில்லை. அது எழுத்து. சொல்லலாம், குறுஞ்செய்தியில் அனுப்பலாம், சீஆர் கொப்பியில் எழுதி மேசை லாச்சியில் வைத்துவிட்டுப் போகலாம். அடுத்த வருடம் வருகிறவர் அதே வரியைப் பார்த்து அடிக்கலாம்.

ஆனால் அதே ஃபோனில்தான் அதன் முதல் குறையும் தெரியவருகிறது.

"அடிச்சிட்டன் அண்ணை. ஒண்டும் வரேல்லை."

"அப்ப சரி."

யூனிக்ஸ் வழிவந்த கட்டளைகளுக்கு இது பிறவிக் குணம். பிழைத்தால் பேசும், சரிவந்தால் வாய் திறக்காது. பழகியவனுக்கு அந்த மௌனம் சுகம். புதிதாக விசைப்பலகை முன் இருப்பவனுக்கு, நடந்ததா இல்லையா என்று தெரியாத தவிப்பு. இதைவிட மோசம், பிழையான கட்டளையும் சில நேரம் மௌனமாகவே ஏற்கப்படுவது. மேலே நான் சொன்ன 'ஸ்லாஷ் 24'ஐத் தம்பி விட்டுவிட்டான் என்று வையுங்கள். ஐபி கட்டளை முறைப்பாடு எதுவும் சொல்லாது. அந்த முகவரியை 'ஸ்லாஷ் 32' என்று தானே எடுத்துக்கொள்ளும். அதாவது, இந்த வலையில் நான் ஒருத்தன்தான், பக்கத்து வீடு என்று ஒன்றில்லை என்று கணினி நம்பிவிடும். முகவரி திரையில் அழகாகத் தெரியும், பக்கத்து மேசைக் கணினியை மட்டும் எட்டாது.

பழைய ஐஎஃப்கான்ஃபிக் கட்டளை இந்த இடத்தில் வேறு விதமாக நடக்கும். 1983இல் 4.2 பிஎஸ்டியோடு வெளிவந்த கருவி அது. அந்தக் காலத்தில் முகவரிகள் ஏ, பி, சி என்று வகுப்புப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. நாம் மாஸ்க் சொல்லாவிட்டால் வகுப்பைப் பார்த்து அது ஊகித்துக்கொள்ளும். 192இல் தொடங்கினால் 255.255.255.0, 10இல் தொடங்கினால் 255.0.0.0. வகுப்பு முறையை 1993இலேயே கைவிட்டாயிற்று, ஊகம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. ஊகிக்கும் கிழவன் ஒருபக்கம், கேளாமல் தனிமைப்படுத்தும் இளையவன் மறுபக்கம். எனக்கு இளையவனே மேல். அவன் பிழை உடனே வெளிக்கும். கிழவனின் ஊகம் பத்து நாள் சரியாக ஓடி, பதினோராம் நாள் காலை வாரும்.

இந்த இரண்டையும் ஒரே கணினியில் கலந்து பாவிப்பது இன்னொரு வினை. ஐபி கட்டளையால் ஒரு முகவரியைச் சேர்த்தால் பழையது போகாது, இரண்டும் இருக்கும். ஐஎஃப்கான்ஃபிக்கிடம் கேட்டால் ஒன்றைத்தான் காட்டும். ஒரே கதவுக்கு இரண்டு சாட்சி, இரண்டு வாக்குமூலம். டெபியன் தன் 9ஆம் பதிப்பில், 2017இல், பழைய கருவித் தொகுதியை இயல்பு நிறுவலிலிருந்து எடுத்துவிட்டது. ஆனாலும் கைமாறிக் கைமாறி வரும் வகுப்புக் குறிப்புகளில் அது இன்னும் சாகவில்லை.

அடுத்தது மறதி. ஐபி கட்டளையால் செய்த அமைப்பு மின்சாரம் நின்றால் போய்விடும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் இது எனக்கு வெறும் தொழினுட்பக் குறிப்பாக இருக்கவில்லை. கரண்ட் வரும், கணினி எழும்பும், முகவரி இராது, ஃபோன் அடிக்கும். விண்டோஸின் நெட்ஷ் கட்டளை இதற்கு நேரெதிர். ஒருமுறை அடித்தால் அடித்ததுதான், பிழையையும் சேர்த்துக் கட்டிக்காக்கும்.

லினக்ஸில் நிலையாக வைப்பதற்குக் கோப்பில் எழுத வேண்டும். உபுண்டு 17.10இலிருந்து அந்த வேலை நெட்பிளானிடம் போனது. இங்கேதான் எனக்கு உண்மையான மனத்தாங்கல். நெட்பிளான் கோப்பு யாமல் வடிவில் இருக்கிறது. அதில் எந்த வரி எதற்குள் அடக்கம் என்பதை முன்னால் விடும் வெற்றிடந்தான் தீர்மானிக்கிறது. இரண்டு ஸ்பேஸ், நாலு ஸ்பேஸ், ஆறு ஸ்பேஸ். டாப் விசையைத் தட்டினால் கோப்பே செல்லாது. ஒரு வரிக் கட்டளையை ஃபோனில் சொல்லலாம், வெற்றிடத்தை எப்படிச் சொல்வது? "கீழ் வரி மேல் வரிக்கு எவ்வளவு உள்ளுக்க நிக்குது?" "கொஞ்சம் உள்ளுக்க அண்ணை." அன்று அரைமணி நேரம் பேசிக் கைபேசியில் காசு முடிந்ததுதான் மிச்சம். கட்டளை வரியின் முதல் சிறப்பென்று நான் சொன்னதை, அதை நிலைப்படுத்த வந்த கோப்பே பறித்துக்கொண்டது. சற்று நீளமான கட்டளைகளானாலும் இடைமுகத்தை என்எம்சிஎல்ஐ கொண்டு அமைப்பதை நான் விரும்பத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அதில் நிலையான மாற்றத்தையும் வாயால் சொல்லி முடிக்கலாம்.

எல்லாவற்றிலும் பெரிய குறை, இருந்த கொப்பை வெட்டுவது. தூரத்திலிருந்து எஸ்எஸ்எச் வழியாகப் புகுந்து, எந்த இடைமுகத்தால் உள்ளே வந்தோமோ அதையே ஒரு வரியில் நிறுத்திவிடலாம். "நிச்சயந்தானா?" என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். கைகாரருக்கும் இது நடக்கும். 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி, எங்கள் நேரப்படி இரவு ஒன்பது மணி தாண்டியபோது வாட்ஸ்அப் நின்றது. டொரன்டோவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகளோடு கதைத்துக்கொண்டிருந்த தாய்மார் ஃபோனைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். பேஸ்புக் நிறுவனம் பிறகு சொன்ன காரணம் இது: பராமரிப்பு வேலையின்போது முதுகெலும்பு வலையின் கொள்ளளவை அறியக் கொடுத்த ஒரு கட்டளை, அந்த வலையின் இணைப்புகள் முழுவதையும் அறுத்துவிட்டது. இப்படியான கட்டளையைத் தடுக்க வைத்திருந்த தணிக்கைக் கருவியிலும் வழு. சரிசெய்ய உள்ளே போவதற்கான வழியும் அதே வலைதான். ஆறு மணித்தியாலம் அளவில் உலகம் காத்திருந்தது. எங்கள் அறையில் தம்பி செய்கிற அதே பிழை, அளவுதான் வேறு.

இதற்கு மாற்று, சற்று முன் குறையென்று நான் ஏசிய மறதியிலேயே இருக்கிறது. மாற்றம் செய்ய முன்னர் 'ஐந்து நிமிடத்தில் மறுதொடக்கம்' என்று கணினிக்குச் சொல்லிவிடுவேன். ஷட்டவுன், கழித்தல் ஆர், கூட்டல் 5. பிறகுதான் முகவரியில் கைவைப்பது. தொடர்பு தப்பினால் அந்தக் கட்டளையை ரத்துச் செய்துவிடலாம். அறுந்துபோனால் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வர, கணினி தானாக எழும்பிப் பழைய முகவரியோடு நிற்கும். நெட்ஷ் போல எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும் கருவியில் இந்த உபாயம் பலிக்காது. ஜுனிபர் வழிப்படுத்திகளில் இதையே முறையாக்கி வைத்திருக்கிறார்கள்: பத்து நிமிடத்துக்குள் உறுதிசெய்யாவிட்டால் மாற்றம் தானாகப் பின்வாங்கும். நெட்பிளானிலும் 120 வினாடிக்கு இப்படி ஒரு சோதனை உண்டு. அந்த ஒன்றுக்காக யாமல் குற்றத்தில் பாதியை மன்னிக்கலாம். ரத்துச் செய்ய மறந்து, பாடம் நடுவில் கணினி அணைந்துபோன நாளும் இருக்கிறது. அதைப் பிள்ளைகள் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரணைமடுத் தண்ணீர் பாயும் எங்கள் ஊரில் வாய்க்கால் இலக்கமே விலாசம். எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்றால் தபால்காரருக்குப் போதும். புதிதாக ஒரு வீடு வந்தாலும் எட்டு எட்டுத்தான். லினக்ஸ் இடைமுகங்களுக்கு 2013இல் சிஸ்டம்டி கொண்டுவந்த பெயர் முறையும் அட்டை செருகிய இடத்தை வைத்து இலக்கமிடுவதுதான், ஆனால் அந்த உறுதி அதில் இல்லை. புதிதாக ஓர் அட்டையைச் செருக, ஈஎன்பி3எஸ்0 என்று இருந்தது ஈஎன்பி4எஸ்0 ஆகிவிட்டது. கோப்பில் இருந்ததோ பழைய பெயர். இல்லாத வாய்க்காலுக்குத் துருசு திறந்துவிட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த எரிச்சலில் ஒருநாள் தமிழிலேயே பெயர் வைத்துப் பார்ப்போம் என்று இறங்கினேன். லினக்ஸ் கருவகம் இடைமுகப் பெயருக்கு 15 பைட் மட்டுமே தரும். யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 'வாய்க்கால்' என்பதற்கு 30 வேண்டும், இடமில்லை. 'வாசல்': வ, அரவு, ச, ல, குற்று. ஐந்து குறி, சரியாகப் பதினைந்து. இடைமுகத்தை நிறுத்திப் பெயரை மாற்றி எழுப்பினேன், மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"வடிவாத்தான் இருக்கு அண்ணை. ஆனா இந்தக் கீபோட்டில தமிழ் இல்லையே, நான் எப்பிடி அடிக்கிறது?"

பின்னேரம் கரண்ட் போய் வந்தது. பெயர் பழையபடி ஈஎன்பி4எஸ்0.