சொன்னவர் யார், எழுதியவர் யார்?

மூன்று வருடத்துக்கு முன்பு எங்க அம்மிச்சி பேசப் பேச செல்போனில் பதிவு செய்து, பிறகு உட்கார்ந்து எழுதினேன். "வெடியால எந்திரிச்சா பொழுதெறங்கற வரைக்கும் ஒரே ஓட்டந்தான் சாமி" என்று அவர் சொன்னது என் நோட்டில் "காலை முதல் மாலை வரை உழைத்தேன்" என்று ஆகியிருந்தது. படித்துக் காட்டினேன். "இது ஆரு சொன்னது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியோடுதான் ரேவதியின் புத்தகங்களைத் திரும்பவும் எடுத்தேன்.

ரேவதி நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த திருநங்கை. பெங்களூரில் 'சங்கமா' அமைப்பில் அலுவலக உதவியாளராகச் சேர்ந்து இயக்குநர் வரை போனவர். முதலில் அவர் செய்தது, மற்ற திருநங்கைகளின் கதைகளைக் கேட்டுத் தொகுத்த 'உணர்வும் உருவமும்'. அடுத்து தன் கதையைத் தானே தமிழில் எழுதினார். வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் அது 2010இல் ஆங்கிலத்தில்தான் முதலில் வெளியானது. தமிழ் மூலம் 'வெள்ளை மொழி' அதற்குப் பிறகு 2011இல் வந்தது. மூன்றாவது, 2016இல் சுபான் பதிப்பகம் வெளியிட்ட 'எ லைஃப் இன் டிரான்ஸ் ஆக்டிவிசம்'. மதுரையில் வசிக்கும் நந்தினி முரளியிடம் ரேவதி சொல்ல, அவர் ஆங்கிலத்தில் எழுதியது.

ஆக ஒரே ஆள் கேட்டவராகவும், எழுதியவராகவும், சொன்னவராகவும் இருந்திருக்கிறார். இப்படி அமைவது அபூர்வம்.

'வெள்ளை மொழி'யில் வீடு, அடி, ஓட்டம், ஜமாத், திரும்பி வருவது எல்லாம் உடம்பு வழியாக வருகின்றன. 2016 புத்தகத்தில் அலுவலகம், பதவி, விலகல், இயக்கத்துக்குள் இருக்கும் மேல் கீழ் வருகின்றன. அதிகம் பேசப்படாத திருநம்பிகளுக்கும் அதில் இடம் கொடுத்திருக்கிறார். அதுதான் அந்தப் புத்தகத்தின் பலம். ஆனால் வாக்கியங்கள் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கின்றன. உரிமை, அடையாளம் என்று வரும் இடங்களில் பேசுவது ரேவதியா, நந்தினி முரளியா என்று எனக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இதை முதலில் குறையாகத்தான் குறித்து வைத்திருந்தேன். பிறகு யோசித்தால், தப்பு என் பக்கமும் இருக்கிறது. வருடக்கணக்கில் கூட்டங்களிலும் பயிற்சி வகுப்புகளிலும் பேசிய ஒருவருக்கு அந்தச் சொற்களும் சொந்தம்தானே? நாமக்கல்காரர் என்பதால் கடைசி வரைக்கும் "ஏனுங்" என்றே பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பது வேறு வகையான இஸ்திரி. செயல்பாட்டாளரின் மொழி மாறும். மாறியதும் அவர் வாழ்க்கைதான்.

அப்படியானால் எதைக் கேட்க வேண்டும்? கேரளத்தில் நளினி ஜமீலாவின் தன்வரலாறு நல்ல உதாரணம். 2005இல் செயல்பாட்டாளர் ஐ. கோபிநாத்தின் உதவியோடு அது வந்தது. வந்த விதம் அவருக்குத் திருப்தி இல்லை. மறுபடி எழுதித் திருத்திய பதிப்பைக் கொண்டுவந்தார். ஜெ. தேவிகா ஆங்கிலமாக்கியது அந்த இரண்டாவது வடிவத்தைத்தான். அவரால் அது முடிந்ததற்குக் காரணம், புத்தகம் அவர் படிக்கிற மலையாளத்தில் இருந்தது.

ரேவதிக்கு 'வெள்ளை மொழி' ஏற்கெனவே இருந்தது. அதனால் நம்மால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. ஆனால் தன் கதையைச் சொல்லும் பெரும்பாலானவர்களுக்கு ஒரே ஒரு புத்தகம்தான் வாய்க்கும், அதுவும் அடுத்தவர் கையால். அப்படிப்பட்ட புத்தகம் எந்த மொழியில் வந்தாலும், அச்சுக்குப் போகும் முன்னால் சொன்னவருக்கு அவர் மொழியில் ஒருமுறை முழுசாகப் படித்துக் காட்ட வேண்டும். "இதை நான் சொல்லல" என்று அவர் அடித்தால், அடித்தது அடித்ததுதான். எப்படிப் பதிவு செய்தோம், எதை விட்டோம், எதை மாற்றினோம் என்று எழுதியவர் முன்னுரையில் இரண்டு பக்கம் சொன்னால் வாசகருக்கும் நல்லது.

அம்மிச்சி நோட்டைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். "உழைத்தேன்" போய் "ஓட்டந்தான்" திரும்ப வந்துவிட்டது. இரண்டு இடத்தில் அவரே "இது வேண்டாஞ்சாமி, எடுத்துரு" என்றார். நல்ல பகுதிகள்தான், எடுத்துவிட்டேன்.