இளைச்சா கவலை, பெருத்தா?

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் ரொம்ப நாள் கழித்துப் பார்த்துக்கொள்ளும் இரண்டு பெண்கள் முதலில் பேசுவது உடம்பைப் பற்றித்தான். "ஏன்க்கா இப்படி இளைச்சுட்ட? வீட்ல ஏதாவது பிரச்சனையா?" இது வெறும் நலவிசாரிப்பு இல்லை. மனசு வாடினால் உடம்பு வாடும் என்ற கோட்பாடு அதற்குள் இருக்கிறது. பழைய கோட்பாடு. பிரிவுத் துயரில் உடல் மெலிவதற்கு 'உறுப்புநலன் அழிதல்' என்று திருக்குறளில் தனி அதிகாரமே உண்டு (124).

ஆய்வுக் கட்டுரைகளைத் திறந்தால் கதை தலைகீழ். இந்த விஷயத்தில் எல்லாரும் மேற்கோள் காட்டுவது 2010இல் லூப்பினோ குழு வெளியிட்ட தொகுப்பாய்வு. 15 நீள்கால ஆய்வுகள், சுமார் 58,000 பேர். உடல் பருமன் இருந்தால் பின்னால் மனச்சோர்வு வரும் வாய்ப்பு 55% கூடுதல். மனச்சோர்வு இருந்தால் பருமன் வரும் வாய்ப்பு 58% கூடுதல். கவனமாகச் செய்த வேலை, குறை சொல்ல முடியாது. ஆனால் அதிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது: பருமனிலிருந்து மனச்சோர்வுக்குப் போகும் தொடர்பு ஐரோப்பியரைவிட அமெரிக்கரிடம் வலுவாகத் தெரிந்தது. அதாவது ஊர் மாறினால் தொடர்பின் அளவும் மாறுகிறது. 1976இல் கிரிஸ்ப், மக்கின்னஸ் இருவரும் லண்டன் புறநகரில் பார்த்தது இன்னும் வேடிக்கை. அங்கே ரொம்பப் பருத்த ஆண்களுக்குப் பதற்றமும் சோர்வும் குறைவாகவே இருந்தன.

அப்போ இந்த எண்களை அப்படியே நம்ம தோல் பட்டைக்குக் கொண்டுவரலாமா? எனக்கு இரண்டு தடைகள் தெரிகின்றன.

ஒன்று, அளவுகோல். புனேயின் யாஜ்னிக், லண்டனின் யுட்கின் இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றுதான், 22.3. உடல் கொழுப்போ ஒருவருக்கு 21.2%, மற்றவருக்கு 9.1%. கொழுப்பு அதிகம் இருந்தது நம்ம ஆளுக்கு. 2004இல் லான்செட் இதழில் அவர்கள் தங்கள் படத்தையே போட்டுக் காட்டினார்கள். பிஎம்ஐயை மட்டும் வைத்துப் 'பருமன்' என்றால் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதே தெளிவில்லை.

இரண்டு, கேள்வித்தாள். பரவலாகப் பயன்படும் பிஎச்க்யூ-9இல் ஒன்பது கேள்விகள். அதில் மூன்று தூக்கம், களைப்பு, பசி பற்றியவை. பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமத்தில் விடியுமுன் எழுந்து சமைத்து, கம்பெனி வேனைப் பிடித்து, நாள் முழுக்க ஷூ மேல்பாகம் தைத்து டார்கெட் முடிக்கிற பெண்ணிடம் இதைக் கேட்டால்? "களைப்பா இருக்கா?" இல்லாமலா! அந்த மதிப்பெண்ணில் மனசு எவ்வளவு, மெஷின் எவ்வளவு என்று யார் பிரிப்பது? துயரத்தையெல்லாம் நோயாகப் பெயரிடுவதைக் கேள்வி கேட்ட மனநல மருத்துவர் கே.எஸ். ஜேக்கப் வேலூர் சிஎம்சியில்தான் இருந்தார் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஆக, எடை சோர்வைத் தருகிறதா, சோர்வு எடையைத் தருகிறதா என்ற கேள்விக்கு முன்னால் ஒரு சந்தேகம்: இரண்டையும் தருவது மூன்றாவது ஒன்றாக இருந்தால்? அசையாமல் உட்கார்ந்த வேலை, போதாத தூக்கம், சூப்பர்வைசர் திட்டு. முகாம் வைத்து "எடையைக் குறைங்கம்மா" என்று சொல்லி அனுப்பினால், லைனில் இருக்க வேண்டிய பழி அவள் நாக்கின்மேல் விழுகிறது.

இதனால் எடை பிரச்சனையே இல்லை என்று சொல்லவில்லை. தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டுப் பெண்களில் சுமார் 40% பேர் அதிக எடை அல்லது பருமன் கொண்டவர்கள். சர்க்கரையும் பிரஷரும் நிஜம்.

நம்ம பஸ் ஸ்டாண்ட் கோட்பாட்டிலும் ஓட்டை உண்டு. இளைத்தவளிடம் "என்ன கவலை?" என்று கேட்கிறோம். பூசினாப்போல் இருப்பவளிடம் "நல்லா இருக்க போல" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். துக்கத்தில் பெருத்தவளை விசாரிக்க நம்மிடம் ஒரு வாக்கியம் கிடையாது. ஆய்வாளர்கள் ஒரு பக்கத்தைத் தவறவிட்டால், நாம் மறுபக்கத்தைத் தவறவிடுகிறோம்.

இங்கே யாராவது இந்த ஆய்வைச் செய்வதாக இருந்தால் என் யோசனை சின்னது. எடை மெஷினை எடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை மணிக்கு எழுந்திரிக்கிறீங்க? எத்தனை மணி நேரம் உக்காந்தே இருக்கீங்க? திட்டு வாங்கின அன்னிக்கு வீட்டுக்குப் போய் யார்கிட்ட சொல்வீங்க?