பாதிப்பும் சேகரமும்

இயந்திரம் ஓவியம் வரையுமா என்ற கேள்வி பழசாகிவிட்டது. வரைகிறது. தான் எடுத்தாளும் கலாசாரத்தோடு அதற்கு உள்ள உறவு என்ன என்பதே இன்றைய கேள்வி.

ஹெரால்ட் கோஹன், 1966 வெனிஸ் பியனாலேயில் பிரிட்டன் சார்பில் பங்கேற்ற ஓவியர். 1968இல் கலிஃபோர்னியா சென்று, நாற்பது வயதில் புரோகிராம் எழுதக் கற்றார். அங்கே சால்ஃபன்ட் பள்ளத்தாக்கில் பழங்குடிகள் பாறையில் கீறிய உருவங்களைக் கண்டார். கீறியவர்களின் நோக்கம் நமக்கு எட்டாமல் போய்விட்டது. ஆனாலும் அவை எதையோ சொல்வதாகவே படுகிறது. அப்படியானால், ஒரு கோடு அர்த்தமுள்ளதாகத் தோன்றக் குறைந்தபட்சம் என்ன வேண்டும்? அவருடைய 'ஆரன்' இந்தக் கேள்வியின் மேல் எழுந்தது. அதற்குப் படம் எதுவும் காட்டப்படவில்லை. மூடிய வடிவம், திறந்த வடிவம், உள், வெளி என்று விதிகளே தரப்பட்டன. 2016இல் இறக்கும்வரை கோஹன் அவற்றோடு மல்லாடினார். வர்ணத்தில் தேர்ந்த அவருக்கு, வர்ணத்தை விதியாக்குவதே பெரும்பாடாயிற்று.

2018 அக்டோபரில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 4,32,500 டாலருக்குப் போன 'எட்மண்ட் டி பெலாமி' வேறு ரகம். 'ஆப்வியஸ்' என்ற பிரெஞ்சுக் குழு, 14 முதல் 20ஆம் நூற்றாண்டு வரையான சுமார் 15,000 உருவப்படங்களை இயந்திரத்துக்குப் புகட்டியது. இம்முறையில் ஒரு பாதி படம் செய்யும். மறுபாதி அது சேகரத்தைச் சேர்ந்ததா, போலியா என்று தீர்ப்புச் சொல்லும். தீர்ப்புச் சொல்பவனை ஏமாற்றுவதே குறி. அதாவது, ஏற்கனவே இருப்பதிலிருந்து பிரித்தறிய முடியாமல் போவதுதான் வெற்றி. பெலாமியின் முகம் கலங்கியிருக்கிறது. ஏமாற்று முற்றுப்பெறாத அந்த இடத்தில் மட்டுமே படம் நம்மை நிறுத்துகிறது.

பாதிப்பு என்று விமர்சனத்தில் நாம் சொல்வது இதுவல்ல. பாதிப்பு ஒரு தொந்தரவு; சிலதை ஏற்கவும் சிலதை மறுக்கவும் அது ஒருவனை நிர்ப்பந்திக்கிறது. கோஹன் பாறைக் கீறல்களை நகலெடுக்கவில்லை, அவற்றுக்குப் பதில் சொல்ல முயன்றார். 15,000 படங்களில் எதுவும் அந்த இயந்திரத்தைத் தொந்தரவு செய்யவில்லை. 2022இல் வெளியான லயான் தொகுப்பில் படங்கள் 585 கோடிக்கும் மேல். சேகரம் பெருத்ததால் மட்டும் அது மரபாகிவிடாது.

இயந்திரத்தை இகழ்வதில் அர்த்தமில்லை. புதுக்கவிதை என்று தேறிவிடுவதற்காகவே எழுதப்படும் கவிதைகள் நம்மிடையே ஏராளம். அவற்றையும் ஒருவன் சேகரத்திலிருந்துதான் செய்கிறான். தேற்றிவிடும் மறுபாதி நாம்தான்.