ஒற்றுமையும் ஒரே குரலும்: முற்போக்கு இயக்கம் தரும் சில பாடங்கள்

இலங்கையில் இடதுசாரி ஒற்றுமை பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் கட்சிகளின் கதையையே சொல்வார்கள். 1935இல் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது, 1963இல் ஐக்கிய இடதுசாரி முன்னணி உருவானது, மறு வருடமே அது உடைந்தது என்று அந்தக் கதை போகும். தமிழ் படித்தவன் என்ற வகையில் எனக்கு அதைவிடப் பயன்தருவது 1954இல் உருவான இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் கதை. பல ஊர், பல சாதி, பல மதத்தவர் ஒரு நோக்கத்துக்காக உழைத்ததும் பிறகு பிரிந்ததும் அங்கே எழுத்திலேயே பதிவாகியிருக்கிறது. சோஷலிசத்தை வேராகக் கொண்ட ஓர் அணி இன்று ஆட்சியில் இருக்கிறது. இந்த நேரத்தில் அந்தப் பதிவை முஸ்லிம் வாசகர் ஒருதரம் புரட்டிப் பார்ப்பது நல்லது.

அந்த அணியில் யார் யார் இருந்தார்கள்? சுபைர் என்ற இயற்பெயர் கொண்ட இளங்கீரன் இருந்தார். 'நீதியே நீ கேள்' நாவலும் 'மரகதம்' இதழும் அவருடையவை. எச்.எம்.பி. முஹிதீன் இருந்தார். யாழ்ப்பாணத்தில் சாதிக் கொடுமையை அனுபவித்தே எழுத வந்த டொமினிக் ஜீவாவும் கே. டானியலும் இருந்தார்கள். எங்கள் கண்டிப் பக்கத்துத் தலாத்துஓயாவின் கே. கணேஷ், 1946இலேயே கே. இராமநாதனோடு சேர்ந்து 'பாரதி' இதழை நடத்தி இந்தப் பாதைக்கு முன்னோடியாக இருந்தவர்.

இவர்களை ஒன்றாக வைத்திருந்தது மார்க்சியக் கோட்பாடு மட்டும்தான் என்று நான் நினைக்கவில்லை. கையிலே ஒரு பொது வேலை இருந்தது. உழைக்கும் மக்கள் வீட்டிலே பேசுகிற பேச்சை இலக்கியத்தில் எழுதலாமா கூடாதா என்ற சண்டை அது. பழமைவாதிகள் அந்தப் பேச்சை 'இழிசனர் வழக்கு' என்று ஏளனம் செய்தார்கள். இவர்கள் அதை எழுதிக் காட்டி வென்றார்கள். ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தபோது அந்த வெற்றிக்கு அரச முத்திரையும் விழுந்தது.

இதனால் நமக்கும் இலாபம் உண்டு. வாப்பா, உம்மா, ராத்தா, நானா என்று நம் கதாபாத்திரங்கள் அடிக்குறிப்பு இல்லாமல் பேசுவதற்கான இடம் அந்தச் சண்டையினாலும் கிடைத்தது. ஒருவன் தன் உரிமைக்காகப் போராடும்போது பக்கத்து வீட்டுக்காரனுக்கும் கதவு திறந்தால், இருவரும் ஒன்றாக நிற்பதற்கு யாரும் பிரசங்கம் செய்யத் தேவையில்லை.

பிறகு பிளவுகள் வந்தன. எஸ். பொன்னுத்துரை வெளியேறி 'நற்போக்கு' என்றார். அவரோடு தோள்கொடுத்து நின்ற 'இளம்பிறை' எம்.ஏ. ரஹ்மானும் ஒரு முஸ்லிமே. ஆகவே நம் எழுத்தாளர்கள் எல்லோரும் ஒரு பக்கம்தான் நின்றார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. 1964ஐ ஒட்டி கம்யூனிஸ்ட் கட்சி மொஸ்கோ அணி, பீக்கிங் அணி என்று உடைந்தபோது ஜீவா ஒரு பக்கம், டானியல் மறுபக்கம். கைலாசபதியும் சிவத்தம்பியும்கூட வெவ்வேறு அணிகளின் சார்பினர். ஆனால் பேராதனையில் படித்த அந்த இருவரின் நட்பு அறுபடவில்லை. கருத்து வேறுபாட்டைத் துரோகம் என்று கருதாதவரை, சேர்ந்து வேலை செய்ய இடம் இருக்கத்தான் செய்கிறது.

இயக்கத்தின் பெரிய குறை வேறிடத்தில் இருந்தது. வர்க்கப் பிரச்சினை தீர்ந்தால் இனப் பிரச்சினை தானாகத் தீரும் என்ற நம்பிக்கை அது. 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து இரு மொழிக்கும் சம அந்தஸ்து கேட்ட இடதுசாரித் தலைமை, 1966 ஜனவரியில் தமிழுக்கான விசேட ஏற்பாடுகளை எதிர்த்துத் தெருவில் இறங்கியது. 1956இல் மொழிக்காக வாதாடிய கொல்வின் ஆர். டி சில்வாவே சிங்களத்துக்கும் பௌத்தத்துக்கும் முதன்மை தந்த 1972 யாப்பை வரைந்தார். மூன்று வருடங்கள் கழித்து, 1975இல், முற்போக்கு எழுத்தாளர் சங்கம் கொழும்பில் தேசிய ஒருமைப்பாட்டு மாநாடு நடத்தியது. அவர்களின் எண்ணம் நல்லதுதான். ஆனால் உடைத்தவர்களின் கூட்டாளிகளாக இருந்துகொண்டே ஒட்டவைக்கப் போனால் பேச்சு எடுபடாது.

நம் பக்கத்துப் பிழையையும் பார்க்க வேண்டும். கம்பளை ஸாஹிராவின் அதிபராக இருந்த பதியுதீன் மஹ்மூத் இஸ்லாமிய சோஷலிச முன்னணியை அமைத்து, முஸ்லிம்களை அந்த அணியின் பக்கம் திரட்டினார். கல்வி அமைச்சராக அவர் நம் சமூகத்துக்குச் செய்தவற்றை மறக்க முடியாது. ஆனால் சமூகம் ஒரு தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனது. உள்ளே போனபின் அவரைத் தாண்டிக் கேள்வி கேட்க வழியிருக்கவில்லை. 1976 பெப்ரவரியில் புத்தளம் பள்ளிவாசலில் பொலிஸார் சுட்டுக் கொன்றதைத் தேசிய அரசுப் பேரவையில் எழுப்பியவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இனி இன்றைய நிலை. 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159ஐ வென்றது. கண்டி மாவட்டத்தின் 12இல் 9. 2018 மார்ச்சில் திகனயில் கடைகளும் வீடுகளும் எரிந்ததைக் கண்ணால் பார்த்த மாவட்டம் இது. கொரோனாக் காலத்தில் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட வேதனையும் ஆறவில்லை. இந்த வாக்குகளில் ஒரு பெரும் எதிர்பார்ப்பு இருந்தது. பிறகு அமைந்த அமைச்சரவையில் முஸ்லிம் ஒருவரும் இல்லை. பிரதிச் சபாநாயகர் பதவியும் பிரதி அமைச்சர் பதவியும் கிடைத்தன. நாங்கள் இனம் பார்ப்பதில்லை என்பதே கேள்விக்குக் கிடைத்த விடை.

சும்மா சொல்லக்கூடாது, அந்த விடையில் ஒரு நியாயம் இருக்கிறது. அமைச்சுப் பதவியைக் காட்டி வாக்கு வாங்கிய நம் பழைய பிரமுகர்களால் திகனயைத் தடுக்க முடிந்ததா? இல்லையே. ஆனால் எரித்தவன் இனம் பார்த்துத்தான் எரித்தான். பாதிக்கப்பட்டவனிடம் போய் இனம் பார்க்காதே என்றால் அது ஒற்றுமை ஆகாது, வாயடைப்பு. 1972இல் இடறிய அதே கல் இது.

அதேவேளை, நாம் எதைக் கொண்டு இந்த மேசைக்கு வருகிறோம்? தெல்தோட்டை, கலஹா, ஹேவாஹெட்டைப் பக்கம் போனால் முஸ்லிம் கடைகளும் தோட்ட லயன்களும் அருகருகே. தோட்டத்துச் சம்பள நாளை நம்பி வளர்ந்த வியாபாரம் எத்தனை! 1948இல் குடியுரிமை பறிபோனவர்களின் பிள்ளைகள் இன்றும் காணி உரிமைக்காகவும் நாட்சம்பளத்துக்காகவும் குரல் கொடுக்கிறார்கள். அது எங்கட பிரச்சினை இல்லை என்றுதானே நம் ஆக்கள் இருக்கிறார்கள்? நமக்கு அடிபடும்போது மட்டும் ஒற்றுமை கேட்டால் யார் நம்புவார்? சி.வி. வேலுப்பிள்ளையையும் என்.எஸ்.எம். இராமையாவையும் நம் பிள்ளைகள் பரீட்சைக்காகப் படிக்கிறார்கள். பக்கத்து வீட்டுக் கதையாகப் படிக்க வைப்பது ஆசிரியர்களாகிய நம் பொறுப்பு.

பேராதனையில் கற்பித்த எம்.ஏ. நுஃமானின் 'மார்க்சியமும் இலக்கியத் திறனாய்வும்' 1987இல் வந்தது. மார்க்சியத்தை விட்டு வெளியேறாமலே அதன் வரட்டுத்தனத்தை விமர்சிக்கலாம் என்பதற்கு அந்நூல் ஓர் உதாரணம். இன்று நமக்குத் தேவையான நிலைப்பாடும் அதுவே. அணியோடு நிற்போம், திகனயின் நட்டஈட்டையும் தோட்டத்துக் காணியையும் ஒரே மனுவில் எழுதிக் கேட்போம். கேட்டதற்காக நம்மைத் துரோகி என்று சொல்லாத இயக்கமாக அது இருக்கிறதா என்பதும் அப்போது தெரியவரும்.