முல்லோயாவும் சபாநாயகர் ஆசனமும்

சபாநாயகர் கட்சிச் சார்பற்றவர், அவையின் நடுவர், அவர் தீர்ப்புக்கு யாவரும் கட்டுப்பட்டவர். குடிமையியல் பாடநூல்கள் இவ்வளவோடு நின்றுவிடுகின்றன. அமைதிக் காலத்தில் இவ்விளக்கம் போதும் என்றே தோன்றும். யுத்தம் மூண்டதும் அதன் குறை வெளிப்பட்டுவிடுகிறது. எதைப் பேசலாம், எது பாதுகாப்பு இரகசியம், எந்தக் கேள்வி நீதிமன்றத்தின் முன் இருப்பது என்றெல்லாம் வரம்பு வகுக்கும் பொறுப்பு அந்த ஓர் ஆசனத்தின்மேல் விழுகிறது. அவ்வரம்புகளால் பயனடைபவர் யார், வாயடைக்கப்படுபவர் யார் என்பதை மலையகத்தின் சரித்திரத்தை உரைகல்லாகக் கொண்டு சோதித்தல் தகும்.

1939 செப்டம்பரில் யுத்தம் தொடங்கியபோது தேயிலையும் இறப்பரும் சாம்ராஜ்யத்தின் யுத்தப் பண்டங்களாயின. அவற்றை உற்பத்தி செய்தவர்களின் கூலி மட்டும் யுத்தத்தோடு சம்பந்தப்பட்ட விஷயமாகக் கருதப்படவில்லை. 1940 ஜனவரி 10ஆம் நாள், முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். விஷயம் அரசாங்க சபைக்குச் சென்றது. விசாரணைக் குழு அமைந்தது. கோவிந்தனின் மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா அக்குழுவின் முன் வாதாடினார்.

அன்று சபாநாயகர் ஆசனத்தில் இருந்தவர் ஊர்காவற்றுறைப் பிரதிநிதியான சேர் வைத்தியலிங்கம் துரைசுவாமி. 1936 முதல் 1947 வரை, யுத்தக் காலம் முழுவதும், சபைக்குத் தலைமை வகித்தவர் அவரே. யுத்தத்தைக் காரணம் காட்டி ஒரு கூலியாளின் மரணம் அச்சபையில் மறைக்கப்படவில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். சட்டசபை முறையின் நற்பயன் அது. பொதுவுடைமையாளர் என்பதற்காக அதைக் குறைத்துப் பேசுதல் நேர்மையாகாது.

ஆனால் சபையின் சொல்லுக்கு மதிலுக்கு வெளியே எவ்வளவு மதிப்பு இருந்தது? விசாரணை முடியும்வரை பொலிசார் தொடுத்த வழக்குகளை ஒத்திவைக்கவேண்டும் என்று உள்நாட்டு மந்திரி சேர் பாரன் ஜயதிலக விரும்பினார். பொலிஸ்மா அதிபர் இணங்கவில்லை. தேசாதிபதி கால்டெகொட் பொலிஸ் அதிபரின் பக்கம் நின்றார். மந்திரிகள் இராஜினாமாச் செய்யும் அளவுக்கு விவகாரம் முற்றியது. டொனமூர் அரசியலமைப்பின் உண்மை உருவம் இங்கே தெரிகிறது. பாதுகாப்பும் வெளிவிவகாரமும் சட்டமும் பொக்கிஷமும் மூன்று அரசாங்க உத்தியோகத்தர் கையில் இருந்தன. அவர்கள் சபையில் அமரலாம், பேசலாம். ஆனால் சபையின் வாக்கு அவர்களைப் பதவி நீக்காது. இத்தகைய அவையில் சபாநாயகர் எவ்வளவு நீதியாக நடந்தாலும், அவர் நெறிப்படுத்துவது அதிகாரமற்றோரின் பேச்சையே.

அவ்வாண்டு ஜூனில் இன்னொரு அடி விழுந்தது. அரசாங்க சபை உறுப்பினர்களான என். எம். பெரேராவும் பிலிப் குணவர்த்தனவும் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டனர். யுத்தத்தை எதிர்த்தும் தோட்டத் தொழிலாளருக்காகவும் குரல் கொடுத்தவர்கள் அவர்கள். விவாதத்துக்கு நடுவர் இருந்தார். விவாதிக்க வேண்டியவர்கள் சிறையில் இருந்தார்கள்.

பிரிட்டனை நோக்குவோம். அதே 1940 மே 7, 8 தேதிகளில் நோர்வே யுத்தத் தோல்வி பற்றிய விவாதம் அங்கே நடைபெற்றது. ஆளும் கட்சியைச் சேர்ந்த லியோ அமெரி தம் பிரதமரையே கண்டித்துப் பேசினார். அவரைப் பேச அழைத்தவர் சபாநாயகர் ஃபிட்ஸ்ராய். 281க்கு 200 என்று வாக்குகள் பிரிந்தன. சேம்பர்லின் பதவி துறந்தார். பகைவன் வாயிலில் நின்ற வேளையிலும் அரசாங்கத்தை மாற்றும் உரிமை தன் பாராளுமன்றத்துக்கு உண்டு என்று காட்டிய அதே சாம்ராஜ்யம், மலைநாட்டு லயங்களுக்கு வேறு நீதி வைத்திருந்தது.

யுத்த வேளையில் ஒற்றுமை தேவை, கண்டபடி பேசினால் உயிர்ச்சேதம் நேரும் என்பார் உண்டு. படைகள் எங்கே நிற்கின்றன என்பதை மறைக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் தோட்டத்தில் துப்பாக்கி ஏன் வெடித்தது என்பது படை இரகசியமன்று. 1962 நவம்பரில், சீன யுத்தத்தின் நடுவே, ஹுக்கம் சிங் தலைமையில் கூடிய இந்திய மக்களவையில் 160க்கு மேற்பட்டோர் பேசினர். இரகசியக் கூட்டம் வேண்டும் என்ற யோசனையை நேரு ஏற்கவில்லை. விவாதித்ததால் அந்தத் தேசம் அழிந்துவிடவில்லை. தடை போர்வீரனைக் காக்கிறதா, ஆட்சியாளனைக் காக்கிறதா என்பதே சபாநாயகர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

மலையகத்துக்கோ அதனினும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. சபாநாயகர் பேச அழைப்பது அவைக்குள் எழுந்து நிற்பவரைத்தான். எழுந்து நிற்க ஆளே இல்லாத மக்களை அவர் எப்படி அழைப்பார்? 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. நுவரெலியாவுக்குத் தொண்டமானும், தலவாக்கலைக்குக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் சென்றனர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் வாக்கைப் பறித்தன. 1952 தேர்தலில் அந்த ஏழும் பூச்சியமாயின. சோல்பரி அரசியலமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் சபாநாயகரின் அத்தாட்சியும் வேண்டும். பிரஜாவுரிமைச் சட்டமோ சாதாரணச் சட்டமாகவே நிறைவேறியது. ஒழுங்குமுறையில் பிழை காண முடியாத ஒரு காரியத்தால் ஒரு மக்கட் கூட்டமே அவைக்கு வெளியே தள்ளப்பட்டது. 1960இல் தொண்டமான் நியமன உறுப்பினரானார்; மக்கள் வாக்கால் அவர் மீண்டும் உள்ளே செல்ல 1977 ஆயிற்று.

1971இல் தொடங்கிய அவசரகாலம் 1977 வரை நீடித்தது. 1983க்குப் பிறகோ, இடையிடையே ஓய்ந்தாலும், 2011 வரை அது நாட்டின் இயல்பு நிலையாகவே ஆகிவிட்டது. மாதந்தோறும் நீடிப்புத் தீர்மானம், மாதந்தோறும் விவாதம், மாதந்தோறும் வாக்கெடுப்பு. அச்சட்டங்களின் கீழ்ப் பிடிக்கப்பட்ட மலையக இளைஞர் பலர். நாடற்றோர் நிலையைத் தீர்க்கும் சட்டமோ 2003இல்தான் வந்தது.

ஆகவே சபாநாயகரின் நடுநிலையை அவருடைய கண்ணியத்தாலும் ஒழுங்கு விதிகளாலும் மட்டும் அளக்கலாகாது. அவைக்குள் யார் இருக்கிறார்கள், யார் இல்லை, அவையின் முடிவு துப்பாக்கி ஏந்தியவரைக் கட்டுப்படுத்துகிறதா என்பவற்றையும் சேர்த்தே அளக்க வேண்டும். நம் ஆசிரியர்கள் பாராளுமன்ற முறையைப் போதிக்கும்போது வெஸ்ட்மின்ஸ்டரோடு முல்லோயாவையும் போதிக்கட்டும். மாணவர்கள் ஹன்சாட்டைப் புரட்டும்போது அதில் உள்ள பேச்சுகளோடு, அதில் இடம்பெற முடியாமற் போன குரல்களையும் எண்ணிப் பார்க்கட்டும்.