ஆழ்வார்க்கடியானும் பெரிய கங்காணியும்

ஒற்றனை யாரும் விரும்புவதில்லை. அடுத்த வீட்டிலே பேசப்படுவதை அதிகார பீடத்திற்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவனை எல்லாச் சமூகங்களும் இகழ்ந்தே வந்துள்ளன. ஆயினும் ஓர் ஒற்றனைத் தமிழ் வாசகர்கள் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நெஞ்சில் வைத்துப் போற்றி வருகின்றனர். முன்குடுமியும் மேனியெங்கும் நாமமும் கையிலே தடியுமாக, வீரநாராயணபுரத்துக் கூட்டத்தின் நடுவே சைவரோடும் அத்வைதியோடும் மல்லுக்கு நிற்கும் ஆழ்வார்க்கடியான் நம்பியே அவன்.

கல்கி 1950ஆம் ஆண்டு அக்டோபரில் தமது வாரப் பத்திரிகையிலே தொடங்கி 1954இல் நிறைவு செய்த 'பொன்னியின் செல்வன்' இன்றும் புதுப் பதிப்புகளாக வந்துகொண்டிருக்கிறது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் இரு பாகத் திரைப்படமாக வெளிவந்தபோது ஜெயராம் ஏற்ற நம்பி வேடத்திற்கு அரங்கெங்கும் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பைப் பற்றியே இங்கு ஆராய விரும்புகிறேன்.

இந்நாவலை நான் முதலிற் படிக்கவில்லை, கேட்டேன். ஹற்றனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில், லயத்துக் காம்பராவின் விளக்கொளியிலே, பைண்டு செய்த பழைய பத்திரிகைத் தாள்களை ஓர் அண்ணன் உரத்து வாசிப்பார். கொழுந்தெடுத்துக் களைத்து வந்த பெண்கள் வாசற்படியில் அமர்ந்து கேட்பார்கள். நம்பி வரும் இடங்களில் எல்லோரும் சிரிப்பார்கள். ஒருநாள் மூதாட்டி ஒருவர் வாசிப்பை நிறுத்தி, "அது சரி தம்பி, இவன் எந்தக் கங்காணி ஆளு?" என்று கேட்டார். அதற்கும் சிரித்தோம். அது நகைச்சுவையாகக் கேட்கப்பட்ட கேள்வியன்று என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே நான் உணர்ந்தேன்.

கல்கியின் பாத்திர சிருஷ்டியிலுள்ள திறமையை மறுப்பது விமர்சன நேர்மையாகாது. வேடத்திலே ஒற்றனை உலவவிடுவது பழைய அரச தந்திரம். ஒற்றர் துறவிக் கோலத்தில் திரிய வேண்டும் என்று குறள் சொல்கிறது. 'ஒற்றாடல்' என்று ஓர் அதிகாரமே அதற்கு உண்டு. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரமோ நடிகரையும் பாடகரையும் கூனரையும் குள்ளரையும் ஊமை, செவிடர் போல் நடிப்போரையும் உளவுக்கு ஏற்றவராகக் கணக்கிடுகிறது. காரணம் எளிது. நாம் எவனைப் பார்த்துச் சிரிக்கிறோமோ அவன் முன்னே வாயைக் கட்டுவதில்லை. கல்கி இந்த உண்மையை நுட்பமாக அறிந்திருந்தார். சமயச் சண்டை பிடிக்கும் வீரவைஷ்ணவனை அறிவுள்ளவர் எவரும் பொருட்படுத்தமாட்டார். அந்த அலட்சியமே நம்பிக்குக் கவசம். பகலிலே தெருச் சண்டைக்காரனாகத் தோன்றியவன், அன்றிரவே கடம்பூர் மாளிகையின் மதிலிலிருந்து சிற்றரசர்களின் சதியாலோசனையை உற்றுக் கேட்கிறான். மதவெறியை எள்ளி நகையாடியதும் பயன்தரும் பணியே. ஒற்றனுக்குள்ளும் நந்தினியை எண்ணி வருந்தும் வளர்ப்புத் தமையன் ஒருவன் இருக்கிறான். இவையெல்லாம் சிறப்புகள்தாம்.

ஆனால் மூதாட்டியின் கேள்வி எஞ்சி நிற்கிறது. இவன் யாருடைய ஆள்?

முதன்மந்திரி அநிருத்தப் பிரமராயரின் ஆள் என்பதே நாவல் தரும் விடை. அந்த விசுவாசம் தளர்வதாகக் கதை எங்கும் காட்டுவதில்லை. அரசவை விகடனை வைத்து எழுதிய பிறரும் உளர். ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனுடைய கோமாளி அரசனின் முகத்துக்கு நேரே அவன் மடமையை எடுத்துரைக்கிறான். அமெரிக்க எழுத்தாளர் ஆலன் கோர்டன் 1999இல் வெளியிட்ட 'பதின்மூன்றாவது இரவு' என்னும் மர்ம நாவலில், மத்தியகால ஐரோப்பிய அரசவைக் கோமாளிகள் தமக்கெனச் சங்கம் அமைத்துக்கொண்ட ஒற்றர்களாக வருகின்றனர். அரசர்களின் போர் வெறியைத் தணிப்பதே அச்சங்கத்தின் நோக்கம். கற்பனைதான், எனினும் அக்கோமாளி தன் கூட்டத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். நம்பியோ தன் எசமானுக்கு மட்டுமே பதில் சொல்பவன். அவனுடைய கேலி தெருவிலுள்ளோர்மீது பாய்கிறது. அரண்மனை வாசலிலே அடங்கிவிடுகிறது.

இனி, நாவலின் மையமான மர்மத்திற்கு வருவோம். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார்? காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உண்டு. கரிகாலனைக் கொன்ற துரோகிகளென்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் முதலியோரை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்களுடைய, அவர்தம் உறவினருடைய உடைமைகள் பற்றிய ஆணை அது. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராஜன் என்றும், பரமேஸ்வரனுக்கு இருமுடிச்சோழப் பிரமாதிராஜன் என்றும் பட்டங்கள் இருந்தன. அன்பிற் செப்பேடுகள் போற்றும் அநிருத்தரும் பிரமாதிராஜரே. அதாவது, நம்பியின் எசமான் தாங்கிய பட்டத்தையே கொலைகாரர்களும் தாங்கியிருந்தனர். அவர்கள் அதிகார மண்டபத்துக்கு உள்ளேயிருந்து வந்தவர்கள்.

கல்கியின் நாவலிலே இவர்கள் யாராகிவிட்டனர்? காட்டிலும் பள்ளிப்படையிலும் நள்ளிரவிலே கூடும் மந்திரவாதிகளாகவும் பாண்டிய ஆபத்துதவிகளாகவும் வெளியே துரத்தப்பட்டனர். பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல்லாதலால் கல்கியின் ஊகத்திற்கு ஆதாரமே இல்லை என்று கூறமுடியாது. ஆனால் இருமுடிச்சோழன் என்பது சோழர் பெயரால் அமைந்த பட்டமன்றோ? நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழனையே ஐயுற்றார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். வரலாற்றாசிரியர்கள் அரண்மனைக்குள்ளே தேடிய விடையை நாவலாசிரியர் கோட்டைக்கு வெளியே தேடினார். கரிகாலன் வீழ்ந்த கணத்தையும் இருளிலே மூடிவிட்டார். சிரிக்கவைக்கும் ஒற்றனின் உண்மையான வேலை இங்கேதான் விளங்குகிறது. அதிகாரத்தின் கண்ணை அவன் வேடிக்கைப் பொருளாக்கி நமக்கு வேண்டியதாக்குகிறான். அந்தக் கண்ணோடு சேர்ந்து நாமும் வெளியே உள்ளவர்களையே சந்தேகிக்கப் பழகிவிடுகிறோம்.

'உள்நாட்டுப் போரைத் தவிர்க்கத்தானே அவன் உளவறிந்தான்? அதிலென்ன குற்றம்?' என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. மலையகத்திலே வாழ்பவன் அதற்குத் தன் அனுபவத்திலிருந்துதான் விடை கூறமுடியும்.

நாவலின் இரண்டாம் பாகமாகிய 'சுழற்காற்று' இலங்கையிலே நிகழ்கிறது. மாதோட்டத்திலிருந்து புறப்பட்டு, காட்டுப் பாதை வழியே நம்பியும் வந்தியத்தேவனும் தம்புள்ளையை நோக்கி, ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டு நடக்கின்றனர். படிக்க இனிய பகுதி. மாதோட்டம் இருந்த அதே மன்னார்க் கரையில் இறங்கி, அதே தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு 19ஆம் நூற்றாண்டிலே வேறு சிலர் நடந்தார்கள். கோப்பித் தோட்டங்களுக்கும் பின்பு தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள்கட்டிக் கொண்டுவரப்பட்ட நம் முன்னோர் அவர்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலே விழுந்தவர்களைத் தூக்கிச் செல்ல ஆளில்லை. அவர்களை முன்னின்று நடத்தி வந்தவன் கங்காணி.

கங்காணி என்னும் சொல்லைச் சற்று நிறுத்தி நோக்குவோம். கண்காணி என்பதே அதன் மூலம். சோழர் கல்வெட்டுகளிலும் மேற்பார்வை செய்வோரைக் குறித்து வரும் சொல் அது. கோயிற் கணக்கையும் காரியத்தையும் கண்காணித்தவனின் பெயர், நூற்றாண்டுகள் கழித்து, துரையின் பொருட்டு மனிதரைக் கண்காணித்தவனுக்கு வந்து சேர்ந்தது. பெரிய கங்காணி கடன் கொடுத்தான். அந்தக் கடனே 'துண்டு' என்னும் சீட்டாகி, 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை தொழிலாளியைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றியது. லயத்திலே யார் முணுமுணுத்தார், எவர் வீட்டுக்கு அந்நியர் வந்தார் என்பதெல்லாம் பிரட்டுக்களத்துக்கு முன்பே துரையின் காதுக்குப் போய்விடும். தோட்டத்து அமைதிக்காகவே என்று அதற்கும் நியாயம் சொல்லப்பட்டது. நம்பி அரசனுக்குச் செய்ததை இவன் துரைக்குச் செய்தான். இவனை நினைந்து நாம் சிரிப்பதில்லை என்பதொன்றே வேற்றுமை.

மலைகளிலே சிரிப்பு வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. மாசியில் ஆடும் காமன் கூத்துக் களத்துக் கோமாளியிடமும், சி. வி. வேலுப்பிள்ளை திரட்டி 1983இல் நூலாக வெளியிட்ட மலைநாட்டு மக்கள் பாடல்களிலும் அச்சிரிப்பு உண்டு. கண்காணிக்கப்பட்டவர்கள் கண்காணித்தவனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அது. பகலிலே தலைகுனிந்தவன் இரவிலே பாட்டிலே நிமிர்ந்தான்.

வேடம் புனைந்து உளவறிந்த ஒருவரும் நம் வரலாற்றில் இருக்கிறார். தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர், அந்நியர் தோட்டத்திலே கால்வைத்தால் அத்துமீறல் எனத் தண்டிக்கப்பட்ட காலத்தில், துணி வியாபாரியாக மூட்டை சுமந்து லயங்களுக்குள்ளே நுழைந்தார். அங்கே கண்டதையும் கேட்டதையும் எந்த மந்திரிக்கும் இரகசியமாகச் சொல்லவில்லை. பத்திரிகையிலே அச்சிட்டு ஊரறியச் செய்தார். 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். 1936இல் ஹற்றன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றார். அவர் மனைவி மீனாட்சியம்மை கூட்டங்களிலே பாட்டிசைத்துத் தொழிலாளரைத் திரட்டினார். நடேசய்யர் 'மூலையில் குந்திய முதியோன்' என்றொரு துப்பறியும் கதையும் எழுதியவர் என்பதை இங்கு மறக்கலாகாது. துப்பறிதல் அவருக்குக் கதைப்பொருளாகவும் இருந்தது, தொழிலாளர் தொண்டாகவும் இருந்தது.

ஒற்று நல்லதா தீயதா என்பது பொதுவாகக் கேட்டு விடை காணக்கூடிய கேள்வியன்று. அறிந்த செய்தி எத்திசையிலே பயணம் செய்கிறது என்பதே கேள்வி. மேலிடத்துக்கு மறைவாகச் சென்றால் அது கங்காணித்தனம். மக்களிடத்தே வெளிப்படையாகத் திரும்பி வந்தால் அது விழிப்பு. சரித்திர மர்ம நாவல் எழுதுவோர் இந்த வேற்றுமையை மறைத்துவிடும்போது, அவர்களுடைய விகடன் எவ்வளவு இனியவனாயினும், வாசகரின் கையிலே கொடுப்பது அரண்மனைக் கண்ணாடியைத்தான்.

ஓர் இளவரசனின் கொலைக்குக் கல்வெட்டு இருக்கிறது. கொன்றவர் பெயர்களும் அதிலே இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகள் கழிந்தும் அறிஞர் வாதாடுகின்றனர். ஐந்து பாகங்களில் நாவல் பிறந்திருக்கிறது. மன்னாரிலிருந்து மாத்தளைவரை வழியிலே மாண்டவர்களுக்குக் கல்வெட்டில்லை. கொன்றவர் யாரென்று ஐந்து பக்கங்களிலேனும் விசாரித்த சரித்திர நாவல் ஒன்றை நான் படித்ததில்லை. அதுவும் மர்மந்தான். அதற்கு வேண்டிய சாட்சியங்கள் பாட்டாகவும் ஒப்பாரியாகவும் லயங்களிலே இன்னும் வாழ்கின்றன. அவற்றை அறிந்த முதியோர்தாம் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர்.

நம் இளம் எழுத்தாளர்கள் கல்கியைப் படிக்கட்டும். கதை நடத்தும் கலையை அவரிடம் கற்கட்டும். படித்து முடித்தபின், வாசற்படியில் அமர்ந்திருந்த அந்த மூதாட்டியின் கேள்வியை ஒவ்வொரு பாத்திரத்திடமும் ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். தாம் எழுதப்போகும் கதையிடமும் கேட்கட்டும்.